‘ஃபைன்’ என்னும் ஒரு சொல்



ஆங்கில பாஷையில் அன்றாடம் வழங்கும் சொல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் பொருள்களையும் பிரயோகங்களையும் குறித்து இச்சபையில் பேச வேண்டும் என்று எனக்குப் பணிக்கப்பட்டபோது, அகராதியில் பக்கம் பக்கமாக இடம்பிடித்திருக்கும் பெரிய வினைச்சொற்களின்பால் என் மனம் செல்லவில்லை. நான்கே எழுத்துக்களைக் கொண்டதும், பள்ளிக்கூடத்துப் பிள்ளை முதல் நியாயஸ்தலத்தில் வாதாடும் வக்கீல் வரை எல்லோர் வாயிலும் புழங்குவதும், ஆங்கிலம் ஓர் அக்ஷரமும் அறியாத நம் கிராமவாசிகளும் தம் சொந்தச் சொல்லைப்போலவே வழங்குவதுமாகிய ‘ஃபைன்’ என்ற சொல்லையே இன்று ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டேன்.

நூல்நிலையத்தில் இரவல் வாங்கிய புத்தகத்தைத் தவணை கடந்து திருப்பிக் கொடுத்தால் கட்ட வேண்டிய தொகைக்கு ஃபைன் என்று பெயர். சௌக்கியமா என்று ஒருவர் விசாரித்தால் வரும் விடையும் அதுவே. மெல்லிய நூலிழை, மாவாய் அரைபட்ட பொடி, மாசு நீக்கிய தங்கம், மழையில்லாத பகல், சங்கீதமும் சிற்பமும் போன்ற உயர்ந்த கலைகள், கிரிக்கெட் மைதானத்தில் ஆட்டக்காரருக்குப் பின்னே தொலைவில் ஒரு மூலை ஆகிய இத்தனைக்கும் அந்த ஒரு சொல்லே வந்து நிற்கிறது. நம் மாணவர்கள் இவற்றை ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டு மனப்பாடம் செய்கிறார்கள். பரீக்ஷை முடிந்ததும் மறந்தும் விடுகிறார்கள். ஒன்றோடொன்று ஒட்டாத செய்திகளை நினைவில் வைத்திருப்பது யாருக்குமே கடினம். ஆகையால் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இந்தப் பொருள்கள் ஒட்டாதவை அல்ல என்பதும், தண்டனையாகக் கட்டும் பணமும் குறையற்ற தங்கமும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதும் என் துணிபு. அந்தத் தாயை அறிந்தால் பிள்ளைகளின் சாயல் தானே விளங்கும்.

லத்தீன் பாஷையில் ‘ஃபீனிஸ்’ என்றொரு சொல் உண்டு. நிலத்தின் எல்லை, வரம்பு, ஒரு காரியத்தின் முடிவு என்பன அதன் பொருள்கள். ஒன்றின் எல்லையைக் காட்டி இன்னது என்று வரையறுப்பதைக் குறிக்கும் ‘டிஃபைன்’, ஓர் எல்லைக்குள் அடைத்து வைப்பதைக் குறிக்கும் ‘கன்ஃபைன்’, முடிவில்லாததாகிய ‘இன்ஃபினிட்’ ஆகிய சொற்களெல்லாம் அதிலிருந்தே பிறந்தன. எல்லையை அடுத்து வாழ்பவன் அயலான். அயலார்க்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் சம்பந்தம் ஏற்படுகிறது. ஆகவே விவாகத்தால் வரும் உறவுக்கு ‘அஃபினிட்டி’ என்று பெயராயிற்று. 1830-ஆம் ஆண்டில் ரைக்கென்பாக் என்ற ஜெர்மானிய ரசாயன சாஸ்திரி மரத்தாரிலிருந்து மெழுகு போன்ற ஒரு வஸ்துவைப் பிரித்தெடுத்தபோது, அது வேறெந்தப் பொருளோடும் எளிதில் கலந்து உறவாடாததைக் கண்டு, ‘உறவு குறைந்தது’ என்று பொருள்படும்படி ‘பாரஃபின்’ என்று அதற்குப் பெயரிட்டார். நம் வீட்டு மெழுகுவர்த்திக்கான மெழுகின் இந்தப் பெயருக்குள்ளும் அந்தப் பழைய வயல்வரம்பு இருக்கிறது! கடனைத் தீர்த்துக் கணக்கை முடிப்பதைக் குறித்த பிரெஞ்சு வினைச்சொல்லிலிருந்தே ‘ஃபைனான்ஸ்’ என்பதும் வந்தது. இவையெல்லாம் கிளைகள். நாம் எடுத்துக்கொண்ட சொல்லோ பழைய பிரெஞ்சு வழியாக இரண்டு வடிவில் ஆங்கிலத்திற்குள் நுழைந்தது. பெயர்ச்சொல்லாக வந்தபோது ‘முடிவு’ என்ற பொருளைத் தாங்கி வந்தது. உரிச்சொல்லாக வந்தபோது ‘முடிவின் எல்லையை எட்டியது, இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லாதபடி நிறைவுற்றது’ என்ற பொருளைத் தாங்கி வந்தது.

முதலில் பெயர்ச்சொல்லைப் பார்ப்போம். இதன் சரித்திரம் ஆங்கில தேசத்து நியாயஸ்தலங்களின் சரித்திரத்தோடு பின்னிக் கிடப்பதால், இங்கே சற்று நிதானித்துச் செல்வதற்குச் சபையோர் அனுமதிக்க வேண்டும்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஒருவர் தம் நிலத்தை மற்றொருவருக்கு விற்க விரும்பினால், பிற்காலத்தில் எவரும் வந்து உரிமை கோராதபடி அதைப் பலமாக எழுதிவைப்பதற்குத் தக்க பதிவு அலுவலகங்கள் இருக்கவில்லை. ஆகையால் மக்கள் ஓர் உபாயத்தைக் கையாண்டனர். வாங்குபவர், அந்த நிலம் தமக்கே உரியதென்று அரசனுடைய நியாயஸ்தலத்தில் வழக்குத் தொடுப்பார். விற்பவர் எதிர்வாதியாக வந்து நிற்பார். வழக்கு தீர்ப்பு வரை செல்லாமல், நீதிபதிகளின் அனுமதி பெற்று இருவரும் சமாதானமாகிவிடுவர். நிலம் வாங்குபவருடையதே என்று விற்பவர் ஒப்புக்கொள்வார். இந்த ராஜிப் பத்திரம் ‘இதுவே முடிவான உடன்படிக்கை’ என்ற கருத்துடைய லத்தீன் வாசகத்தோடு தொடங்கும். முடிவான உடன்படிக்கையாதலின் அதற்கு ‘ஃபைன்’ என்றே பெயர் நிலைத்தது.

அந்தப் பத்திரத்தை எழுதிய முறையும் கவனிக்கத் தக்கது. ஒரே தோலின்மீது அதே வாசகத்தை மூன்று முறை எழுதுவார்கள்: மேற்பகுதியில் அருகருகே இரண்டு பிரதிகள், அடியில் குறுக்காக ஒரு பிரதி. இடைவெளிகளில் பெரிய எழுத்தில் ஒரு சொல்லை எழுதி, அந்த எழுத்துக்களின் ஊடே அலை அலையாக வளைத்து வெட்டுவார்கள். மேலே உள்ள இரண்டும் இரு கட்சிக்காரர்களுக்கும் போகும். அடியில் உள்ளது அரசனுடைய கருவூலத்தில் தங்கும். பிற்காலத்தில் எவரேனும் பொய்ப் பத்திரம் கொண்டுவந்தால், மூன்று துண்டுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்த மாத்திரத்தில் வெட்டுவாய் பொருந்துகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். அதற்கு முன்னெல்லாம் இரண்டு பிரதிகளே எழுதப்பட்டுவந்தன. அரசாங்கத்துக்கென்று மூன்றாம் பிரதி ஒன்றும் வேண்டும் என்று ஏற்பாடு செய்தவர் காண்டர்பரி நகரத்துப் பிரதம அத்தியட்சரும் அரசனுடைய தலைமை நியாயாதிபதியுமாகிய ஹூபர்ட் வால்டர் என்பவர். முதன்முதலாக அவ்வாறு எழுதப்பட்ட பத்திரம் 1195-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் தேதியது. அதில் ஒரு கட்சிக்காரர் அவருடைய சகோதரர் தியோபால்டே. இந்த அடிப்பகுதிகள் ஆயிரக்கணக்கில் இன்றும் லண்டன் நகரத்துக் கியூ என்னும் பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1833-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இம்முறை எடுபடும் வரையில், ஆறு நூற்றாண்டுகளுக்கு மேலாக இங்கிலாந்து தேசத்து நிலங்கள் இவ்வாறு கைமாறின.

இரண்டு விவரங்களை மட்டும் இதனோடு சேர்த்துச் சொல்கிறேன். மணமான பெண்ணின் நிலம் இவ்வாறு எழுதப்படும்போது, கணவன் இல்லாத இடத்தில் அவளைத் தனியே வைத்து, மனமொப்பித்தான் இதற்கு உடன்படுகிறாளா என்று நீதிபதி விசாரிப்பார். கணவனுக்கு அஞ்சியே ஒப்புக்கொள்ளும் பெண்களை நினைத்து ஏற்பட்ட ஏற்பாடு அது. அந்தக் காலத்துக்கு அது சிறிய காரியமன்று. மற்றொன்று, இடைக்காலத்தில் இவ்விதம் ஒரு ‘ஃபைன்’ எழுதப்பட்ட பிறகு, வேறு எவருக்கேனும் அந்நிலத்தில் பாத்தியதை இருந்தால், ஒரு வருஷமும் ஒரு நாளும் கழிவதற்குள் வந்து சொல்லவேண்டும்; தவறினால் பாத்தியதை அற்றுப்போகும். முடிவு என்று பெயர் வைத்தவர்கள் அதை மெய்யாகவே முடிவாக்கினார்கள்.

ஷேக்ஸ்பியர் மகாகவி இச்சொல்லின் பல முகங்களையும் நன்கு அறிந்தவர். ஹாம்லெட் நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தில், மயானத்தில் தோண்டியெடுத்துப் போட்ட ஒரு மண்டையோட்டைக் கண்டு, இது ஒரு வக்கீலுடையதாக இருக்கலாம் என்று இளவரசன் எண்ணிப் பேசும் இடத்தில், ஒரே வாக்கியத்தில் நான்கு முறை இச்சொல் வருகிறது: முதலில் முடிவு என்ற பொருளில், அடுத்து நான் இப்போது விவரித்த நிலப் பத்திரம் என்ற பொருளில், பிறகு அவனுடைய நேர்த்தியான தலை என்பதில், கடைசியாக அந்தத் தலையில் நிறைந்திருக்கும் நுண்ணிய மண் என்பதில். வாழ்நாளெல்லாம் நிலங்களுக்குப் பத்திரம் எழுதியவனுக்கு மிஞ்சிய நிலம் கபாலத்தில் அடைந்த மண்ணே என்பது அங்கே தாற்பரியம். மொழிபெயர்ப்பில் இந்த வாக்கியம் பாதி உயிரோடுதான் வரும். மூலத்திலேயே படித்து அனுபவிக்க வேண்டும்.

அப்படியானால் சமாதான உடன்படிக்கை எவ்வாறு தண்டனைப் பணமாக மாறிற்று? அக்காலத்தில் குற்றம் செய்தவனுக்கு நியாயஸ்தலம் பணத் தண்டனை விதிப்பதற்கு ‘அமர்ஸ்மெண்ட்’ என்று வேறொரு பெயர் இருந்தது. அது மேலேயிருந்து சுமத்தப்படுவது. ஃபைன் என்பதோ அவ்வாறு சுமத்தப்பட்டதன்று. சிறையில் கிடப்பவன், ‘நான் இவ்வளவு கொடுக்கிறேன், இந்த விவகாரத்தை இதோடு முடித்துக்கொள்ளுங்கள்’ என்று தானே அரசனிடம் பேசி முடிவு செய்துகொள்வது. ஆகவே அதை ‘முடிவு செய்தல்’ என்றே அழைத்தனர். ஜான் மன்னன் காலம் முதலாக எழுதப்பட்ட ‘ஃபைன் ரோல்ஸ்’ என்னும் சுருள்களில், அரசனுடைய தயவை நாடி இன்னார் இன்ன தொகை தருவதாக ஒப்புக்கொண்டார் என்ற குறிப்புக்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அவற்றுள் படிப்போர் நெஞ்சை வருத்துவன விதவைகளைப் பற்றியவை. கணவனை இழந்த சீமாட்டிகளைத் தனக்கு வேண்டியவர்களுக்கு மறுமணம் செய்துவைக்கும் அதிகாரம் அரசனிடம் இருந்தது. விருப்பமில்லாத மணத்திலிருந்து தப்புவதற்கு அந்தப் பெண்கள் பெரிய தொகைகளைக் கொடுக்க முன்வந்தனர். பெயர் என்னவோ மனமொத்துச் செய்துகொண்ட முடிவு. உண்மையில் பறிமுதலேயன்றி வேறில்லை.

1215-ஆம் ஆண்டில் ஜான் மன்னனை வற்புறுத்திப் பெற்ற மகாசாசனத்தின் எட்டாவது பிரிவு, விதவைகளை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தலாகாது என்று கூறுகிறது. அதன் இருபதாம் பிரிவை நான் எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை. சுதந்திரமான ஒரு மனிதனுக்குப் பணத் தண்டனை விதிக்கும்போது, அது குற்றத்தின் அளவுக்கேற்ப இருக்க வேண்டும். அவனுடைய ஜீவனோபாயத்தை விட்டுவைக்க வேண்டும். வியாபாரிக்கு அவனுடைய சரக்கையும், குடியானவனுக்கு அவனுடைய பயிர்த்தொழிலையும் விட்டுவைக்க வேண்டும் என்பது அதன் சாராம்சம். தண்டனை முடிந்தபின் அந்த மனிதன் மறுபடியும் ஏர் பூட்டவும் கடை திறக்கவும் இயலவேண்டும் என்ற எண்ணம் அதில் தெளிவாக இருக்கிறது. காலக்கிரமத்தில் ‘அமர்ஸ்மெண்ட்’ என்ற சொல் வழக்கொழிந்து, விதிக்கப்படும் தண்டனைப் பணம் முழுவதற்கும் ஃபைன் என்ற பெயரே நிலைத்தபோதிலும், அந்த எண்ணம் அழியவில்லை. 1689-ஆம் ஆண்டின் ஆங்கில தேசத்து உரிமைச் சாசனம் அளவு கடந்த ஃபைன் விதிக்கலாகாது என்றது. அமெரிக்க அரசியலமைப்பின் எட்டாவது திருத்தம் 1791-இல் அதையே மேற்கொண்டது. 2019-இல் இந்தியானா மாகாணத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், அதிகபட்சமாகப் பதினாயிரம் டாலர் ஃபைன் விதிக்கத்தக்க குற்றத்துக்கு நாற்பதினாயிரம் டாலருக்கு மேல் விலையுள்ள மோட்டார் வண்டியைப் பறிமுதல் செய்யலாமா என்ற கேள்வி எழுந்தது. இந்தப் பாதுகாப்பு மாகாண அரசாங்கங்களையும் கட்டுப்படுத்தும் என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, நீதிபதிகள் மகாசாசனத்தையே திரும்பிப் பார்க்க நேர்ந்தது.

இங்கே இன்னொரு சம்பவத்தையும் குறிப்பிடவேண்டும். இஸ்ரேல் தேசத்தில் ஹைஃபா நகரத்துக் குழந்தைக் காப்பகங்கள் பத்தில், யூரி க்னீஸி, ஆல்டோ ருஸ்டிச்சினி என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். மாலையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லப் பெற்றோர்கள் தாமதமாக வருவது அங்கே ஒரு தொந்தரவாக இருந்தது. ஆறு காப்பகங்களில் பத்து நிமிஷத்துக்கு மேல் தாமதித்தால் பத்து ஷெக்கெல் ஃபைன் என்று அறிவித்தார்கள். தாமதம் குறையும் என்றுதான் எவரும் எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் தாமதமாக வருவோர் தொகை நாளடைவில் ஏறத்தாழ இரட்டிப்பாயிற்று. ஃபைனை எடுத்துவிட்ட பிறகும் அது பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆசிரியை நமக்காகக் காத்திருப்பாளே என்ற கூச்சம் இருந்த இடத்தில், இவ்வளவு கொடுத்தால் இவ்வளவு நேரம் தாமதிக்கலாம் என்ற கிரயக் கணக்கு புகுந்துவிட்டது. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த அந்தக் கட்டுரைக்கு, ஃபைன் என்பது ஒரு விலை என்று பொருள்படும் தலைப்பை அவர்கள் கொடுத்தார்கள். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அரசனோடு பேசி முடிவு செய்துகொண்டவர்களின் மனநிலைதான் அந்தப் பெற்றோர்களிடமும் காணப்பட்டது என்பது என் அபிப்பிராயம்.

நூல்நிலையங்களின் ஃபைனைப் பற்றியும் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. அயர்லாந்து தேசம் 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் பொது நூல்நிலையங்கள் அனைத்திலும் தாமதக் கட்டணத்தை ரத்து செய்தது. அதே ஆண்டில் சிகாகோ நகரமும், 2021-இல் நியூயார்க் நகரத்துப் பொது நூல்நிலையமும் அவ்வாறே செய்தன. பணத்துக்கு அஞ்சி ஏழைப் பிள்ளை நூல்நிலையத்துக்கு வருவதையே விட்டுவிடுமானால், அந்தத் தொகை எதையும் முடித்துவைக்கவில்லை, படிப்பைத்தான் முடித்துவைத்தது. இந்த நல்ல வழக்கம் நம் நாட்டிலும் பரவவேண்டும் என்பது என் பிரார்த்தனை.

நம் ஜனங்கள் ‘ஃபைன் போட்டுவிட்டான்’, ‘ஃபைன் கட்டினேன்’ என்று தாராளமாகச் சொல்கிறார்கள். எழுதும்போது ‘அபராதம்’ என்கிறோம். வடமொழியில் அபராதம் என்பது குற்றத்தைக் குறிக்குமேயன்றித் தண்டனையைக் குறிப்பதில்லை. தமிழில் குற்றத்தின் பெயர் அதற்காகக் கட்டும் பணத்துக்கு ஆகிவந்தது. ஆங்கிலேயர் வழக்கின் முடிவைக் கொண்டு பெயரிட்டார்கள். நாமோ வழக்கின் தொடக்கத்தைக் கொண்டு பெயரிட்டோம்.

இனி உரிச்சொல்லுக்கு வருவோம். செய்து முடிக்கப்பட்டது, குறையொன்றும் இல்லாதது என்பது அடிப்படைப் பொருள் என்று முன்னரே கூறினேன். இதைப் பொன்னில் காண்பது போல் வேறெதிலும் காண முடியாது. கலப்படமான பொன்னை ஈயத்தோடு சேர்த்து, எலும்புச் சாம்பலால் செய்த குகையில் வைத்துக் காய்ச்சும்போது, மட்டமான உலோகங்கள் சாம்பலில் சுவறிப்போக, பொன்னும் வெள்ளியுமே உருண்டையாக எஞ்சுகின்றன. பிறகு திராவகத்தால் வெள்ளியையும் பிரிக்கிறார்கள். இவ்விதம் முடிவு காணும் வரை சுத்தி செய்வதற்கே ‘ரிஃபைன்’ என்று பெயர். லண்டன் சந்தையில் தங்கத்தின் விலையைச் சொல்லும்போது ஓர் அவுன்ஸ் ஃபைன் தங்கத்துக்கு இவ்வளவு என்றே சொல்கிறார்கள். அதாவது கலப்பை நீக்கிய பொன்னின் எடைக்கே விலை. சுத்தத்தை ஆயிரத்தில் இத்தனை பங்கு என்று கணக்கிடுகிறார்கள். 1300-ஆம் ஆண்டில் முதலாம் எட்வர்ட் மன்னன் சிறுத்தைத் தலை முத்திரையைக் கட்டாயமாக்கிய ஸ்டெர்லிங் வெள்ளிக்கு ஆயிரத்தில் 925 பங்கு. இருபத்திரண்டு காரட் தங்கத்துக்கு ஆயிரத்தில் 916 பங்கு. நம் ஊர் நகைக்கடைகளின் விளம்பரப் பலகைகளில் காணும் 916 என்ற எண் அதுதான். பத்தரை மாற்று என்று உரைகல்லில் தேய்த்துச் சொன்ன நம் முன்னோர்களின் வழக்கும் இதே எல்லையை நோக்கியதே; மாற்று ஏற ஏறப் பொன் தன் முடிவை அணுகுகிறது.

சுத்தம் என்ற பொருளிலிருந்து நுட்பம் என்ற பொருள் பிறந்தது எவ்வாறு என்று கேட்கலாம். முடிந்த வரையில் சிரத்தையோடு செய்யப்பட்ட பொருள் பெரும்பாலும் மெலிந்தும் நுணுகியும் இருக்கிறது. நன்றாக நூற்ற நூல் மெல்லியது. நன்றாகச் சலித்த மாவு நுண்ணியது. நன்றாகத் தீட்டிய கத்தியின் வாய் கூரியது. ஆகவே உயர்வைக் குறித்த சொல்லே சன்னத்தையும் குறிக்கலாயிற்று. நம் நெல்மண்டிகளிலும் சன்ன ரகம் என்றால் மெல்லிய அரிசி என்பதோடு உயர்ந்த அரிசி என்றும் பொருள்படுகிறதன்றோ? இதனால்தான் ஆங்கிலத்தில் ஆஜானுபாகுவான ஒரு மனிதரையும் ஃபைன் என்று புகழலாம். கண்ணுக்குப் புலப்படாத தூசியையும் ஃபைன் என்று சொல்லலாம். பொடித்தூறலாக விழும் மழையும் ஃபைன். மழையே இல்லாத பகலும் ஃபைன். மழையைப் பற்றிய இந்த உதாரணங்களில் அயல்நாட்டு மாணவர்கள் தடுமாறுவது இயல்பே. மழையைச் சொன்னால் துளியின் நுண்மை. நாளைச் சொன்னால் குறையின்மை.

சிற்றெழுத்தில் அச்சிட்ட நிபந்தனைகளை ‘ஃபைன் பிரிண்ட்’ என்கிறார்கள். கடன் பத்திரத்திலும் இன்ஷூரன்ஸ் பத்திரத்திலும் கண் வலிக்கும்படி பொடி எழுத்தில் ஷரத்துக்களை அடுக்கிவைத்து, பின்னால் அவற்றைக் காட்டி ஏழைகளை மடக்குவது எந்நாட்டிலும் உண்டு. 1956-ஆம் ஆண்டில், கிடங்கில் வைத்த சரக்கு கெட்டுப்போனது பற்றிய ஒரு வழக்கில், இங்கிலாந்தின் புகழ்பெற்ற நீதிபதியாகிய டெனிங் பிரபு, சில ஷரத்துக்கள் எவ்வளவு கடுமையானவையென்றால், அவற்றைச் சிவப்பு மையில் அச்சிட்டு, சிவப்புக் கை ஒன்று அவற்றைச் சுட்டிக்காட்டும்படி செய்தாலன்றி அறிவித்ததாகக் கொள்ள முடியாது என்ற கருத்தை வெளியிட்டார். எழுத்துச் சிறுத்தால் அநீதி பெருக்கும் என்று உணர்ந்த அந்தப் பெரியாருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

கலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1746-இல் ஷார்ல் பட்டே என்ற பிரெஞ்சு அறிஞர், சங்கீதம், கவிதை, ஓவியம், சிற்பம், நாட்டியம் ஆகியவற்றை ஓரினமாகத் தொகுத்து அழகிய கலைகள் என்றார். ஆங்கிலத்தில் அவை ‘ஃபைன் ஆர்ட்ஸ்’ ஆயின. தமிழில் ‘நுண்கலை’ என்பாரும் ‘கவின்கலை’ என்பாரும் உளர். ஆங்கிலச் சொல்லின் நுட்பப் பொருளை முன்னவர் கொண்டனர், அழகுப் பொருளைப் பின்னவர் கொண்டனர். பிரெஞ்சு மூலத்தை நோக்கினால் கவின்கலையே நேரானது. ஆயினும் நுண்கலை என்பதை நான் விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. கமகத்தின் நெளிவும் உளியின் நுனியும் அறிந்த தமிழனுக்கு அந்தச் சொல்லே மனத்துக்கு இசைகிறது. முன்பு சொன்ன கிரிக்கெட் மைதானத்து மூலையும் இந்த நுட்பப் பொருளைச் சேர்ந்ததே: ‘ஃபைன் லெக்’ என்பது, பந்தடிப்பவரின் பின்புறத்தில், விக்கெட்டுக்களை இணைக்கும் நேர்கோட்டுக்கு மிக நெருங்கிய கோணத்தில் நிற்கும் இடம். கோணம் சுருங்கச் சுருங்க ஃபைன் ஆகிறது, அவ்வளவே.

இறுதியாக, நாள்தோறும் வாயில் வழங்கும் பிரயோகங்கள். ‘நீ நல்ல சிநேகிதன்!’ என்று நாம் நம்மைக் கைவிட்டவனைப் பார்த்துக் கசந்து சொல்வது போலவே ஆங்கிலேயனும் இச்சொல்லைச் சொல்வான். கதை சொல்லும்போது ‘ஒரு ஃபைன் டே’ என்று தொடங்கினால் அது வானிலைச் செய்தியன்று, ‘ஒரு நாள்’ என்பதே. தவறிக் கால் மிதித்தவர் மன்னிப்புக் கேட்கும்போது ‘இட்ஸ் ஃபைன்’ என்றால் பரவாயில்லை என்று பொருள். விருந்தில் இன்னும் கொஞ்சம் பரிமாறட்டுமா என்று கேட்கும்போது ‘ஐ ஆம் ஃபைன்’ என்றால், நம்மவர்கள் கையை மறித்து ‘இருக்கட்டுங்க’ என்பார்களே, அதுதான். சௌக்கியமாக இருக்கிறேன் என்று அதற்குப் பொருள் கொண்டு, மேலும் ஒரு கரண்டி போட்டுவிடலாகாது. கணவனும் மனைவியும் வாதாடிக்கொண்டிருக்கையில், ஒருவர் திடீரென்று குரலைத் தாழ்த்தி ‘ஃபைன்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், சம்மதம் என்று எண்ணுவது பெரும்பிழை; இதற்குமேல் பேச விருப்பமில்லை, உன் இஷ்டப்படி ஆகட்டும் என்பதே அதன் தாற்பரியம். பாருங்கள், எத்தனை நூற்றாண்டு கடந்தும் முடிவு என்ற ஆதிப் பொருள் அந்தக் குரலில் வந்து நிற்கிறது! மனம் ஒத்த முடிவுதான் அங்கே இல்லை.

‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்ற கேள்விக்கு வரும் ‘ஃபைன்’ என்ற விடையும் பெரும்பாலும் அத்தகையதே. கேட்பவர் நம் நோயையும் கடனையும் கேட்க நேரம் உள்ளவரல்லர். சொல்பவரும் அவற்றைத் தெருவில் நின்று சொல்லப் பிரியப்படுபவரல்லர். இருவரும் மரியாதையோடு விலகிச் செல்வதற்கு அந்த ஒரு சொல் போதும். இதைப் பொய் என்று நான் கருதவில்லை. ஆனால் வைத்தியரிடத்தில் வந்த முதியவர் அதே விடையைச் சொல்லும்போது, அனுபவமுள்ள வைத்தியர் அதோடு நிறுத்துவதில்லை. இரவில் தூக்கம் வருகிறதா, படியேறும்போது மூச்சு வாங்குகிறதா என்று மேற்கொண்டு விசாரிக்கிறார். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து டெலிபோனில் ‘ஃபைன், அம்மா’ என்று சொல்லும்போது நம் தாய்மார்களும் அப்படித்தான், ‘சாப்பிட்டாயா?’ என்று அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள்.

இச்சபையில் ஆங்கில ஆசிரியர்கள் பலர் இருக்கக் காண்கிறேன். அவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. நம் பாடப்புத்தகங்களில் இந்தக் கேள்விக்கு இந்த விடை என்று ஒரே வாய்ப்பாடாக அச்சிட்டிருக்கிறது. பிள்ளைகள் காய்ச்சலோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதும் அதையே ஒரே குரலில் ஒப்பிக்கிறார்கள். வகுப்பில் ஒரு நாள் கால் மணி நேரம் ஒதுக்கி, இந்த ஒரு சொல்லை மகிழ்ச்சியிலும், மறுப்பிலும், கோபத்திலும் எவ்வெவ்வாறு சொல்வது என்று மாணவர்களைக் கொண்டே வாய்விட்டுச் சொல்லவையுங்கள். பிறகு அகராதியைத் திறந்து ஃபீனிஸ் என்ற லத்தீன் சொல்லைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். அதற்கு வேண்டிய விஷயம் அனைத்தையும் எழுத்தில் தந்து உதவ நான் சித்தமாக இருக்கிறேன்.